கழுத்துப் புண் வந்தால் உழவே நின்றுபோகும்: உழைக்கும் மாடுகளைப் பேணும் முறைகள்

கோடை மழை இரண்டு இறங்கியதும் ஓசூர், மத்திகிரி, தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளில் ராகி நிலத்தை உழத் தொடங்கிவிடுவார்கள். டிராக்டர் வந்த பிறகும் இங்கே உழவு மாடு மறையவில்லை. மேடும் பள்ளமுமான சிறு துண்டு நிலங்கள், டிராக்டர் திரும்ப இடமில்லாத வரப்புகள், ராகிக்கும் நிலக்கடலைக்கும் வரிசைக்கு இடையே ஓட்டும் உழவு, குப்பை அடிக்கவும் தட்டு ஏற்றவும் வண்டி என்று மாட்டுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருப்பவருக்கும், நிலமில்லாமல் வாடகைக்கு ஏர் ஓட்டுபவருக்கும் அந்த ஒரு ஜோடிதான் முதல்.

அந்த முதலுக்குச் சேதம் வருவது பெரும்பாலும் உழவு தொடங்கிய முதல் வாரத்தில்தான். இரண்டு மூன்று மாதம் கட்டுத்தறியில் நின்ற மாட்டின் கழுத்துத் தோல் மென்மையாகிப் போயிருக்கும். மழை பெய்த மறுநாள் ஈரம் காய்வதற்குள் முடிக்க வேண்டும் என்று விடியற்காலை பூட்டி மாலை வரை ஓட்டுகிறோம். மூன்றாம் நாள் கழுத்தில் வீக்கம் தெரியும். ஐந்தாம் நாள் தோல் கிழியும். அதற்குப் பிறகு மாடு நுகத்தைப் பார்த்தாலே தலையை ஆட்டிப் பின்வாங்கும். மாட்டுக்குச் சோம்பல் என்று நினைத்து அடி போடுவோம். விதைப்புக்கு ஏற்ற ஈரம் நிலத்தில் நிற்பது நாலைந்து நாள்தான். மாடு அந்த நேரத்தில் படுத்துவிட்டால், வாடகை ஏருக்கு அலைந்து கிடைக்காமல் பருவத்தைத் தவறவிட்டவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு.

கழுத்துப் புண்ணை மாட்டு வைத்தியமாக மட்டும் பார்க்கக் கூடாது என்பதே என் கருத்து. உழைக்கும் மாட்டின் கழுத்தைப் பார்த்தால் அதன் வாழ்க்கை முழுவதும் தெரிந்துவிடும். வண்டியில் பாரம் எப்படி ஏற்றப்பட்டது, நுகத்தடி எப்படிச் செதுக்கப்பட்டது, எத்தனை மணி நேரம் ஓட்டப்பட்டது, தீவனம் போதுமா என்பதெல்லாம் அங்கே எழுதியிருக்கும். இவற்றில் பெரும்பாலானதைச் சரிசெய்யப் பணம் அதிகம் தேவையில்லை.

மத்திகிரிக்கும் உழைக்கும் விலங்குகளுக்கும் பழைய தொடர்பு உண்டு. இங்குள்ள அரசு கால்நடைப் பண்ணை 1824-ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. பரப்பு சுமார் 1,600 ஏக்கர். அன்றைய ராணுவத்துக்குத் தேவையான குதிரைகளை வைத்துப் பராமரித்த இடம் இது. இந்த எல்லைப் பகுதியின் மாடோ அல்லிகார். மைசூர்ப் பக்கத்து இனம். நீண்டு பின்னோக்கி வளைந்த கொம்பு, இறுகிய உடம்பு, வேகமான நடை. கிழக்கே தருமபுரிப் பக்கம் போனால் ஆலம்பாடி. இரண்டும் பாலுக்காக வளர்ந்தவை அல்ல, உழைப்புக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. களைப்பைக் கடைசிவரை வெளியில் காட்டாது. அதுவே அவற்றுக்குக் கேடாகவும் முடிகிறது.

முன்பாரம், பின்பாரம்

வண்டி ஓட்டும் எல்லோருக்கும் இந்த இரண்டு சொற்களும் தெரியும். ஆனால் எத்தனை கிலோ முன்பாரம் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. கணக்கு எளிதுதான். உங்கள் வண்டியில் அச்சிலிருந்து நுகத்தடி வரை 10 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏற்றிய சுமை 1,000 கிலோ. அந்தச் சுமையின் நடுப்பகுதி அச்சுக்கு நேர் மேலே இருந்தால் கழுத்தில் சுமையின் எடை விழாது. அரை அடி முன்னால் தள்ளி இருந்தால் 50 கிலோ கழுத்தில் உட்காரும். ஓர் அடி முன்னால் என்றால் 100 கிலோ. மாடு இழுப்பது தனி, இது தனி. ஒரு மூட்டை சிமென்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டு நாள் முழுக்க நடப்பது போல. ரோட்டில் குழி வரும்போதெல்லாம் அந்த எடை கழுத்தில் தூக்கிப் போட்டுக் குத்தும்.

பின்பாரம் இதற்கு நேர் எதிர். நுகம் மேலே எழும்பும். பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு மூச்சுக்குத் திணறும், இழுக்க முடியாது. முன்பாரத்தில் புண் வெளியே தெரியும். பின்பாரத்தில் வெளியே ஒன்றும் தெரியாது என்பதால் ஓட்டுபவர் மாட்டின் மேல்தான் பழி போடுவார்.

பாரம் ஏற்றி முடித்ததும், மாட்டைப் பூட்டும் முன்பு சமதரையில் நின்று நுகத்தடியை ஒரே ஆள் இரண்டு கையாலும் தூக்கிப் பார்க்க வேண்டும். சிரமமில்லாமல் எழும்ப வேண்டும், விட்டால் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். அந்த அளவு முன்பாரம் போதும். தூக்கவே முடியவில்லை என்றால் இரண்டு மூட்டையைப் பின்னால் நகர்த்துங்கள். தானாக மேலே போகிறது என்றால் முன்னால் நகர்த்துங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

நம் பகுதியின் மேடு பள்ளத்தில் இன்னொன்றும் நடக்கிறது. வைக்கோல், ராகித் தட்டு போன்றவற்றை உயரமாக அடுக்கினால், மேட்டில் ஏறும்போது சுமை பின்னால் சாய்ந்து பின்பாரம் ஆகும். இறக்கத்தில் முன்னால் சாய்ந்து கழுத்தில் விழும். ஒரே வண்டி, ஒரே சுமை, வழியெல்லாம் மாறிக்கொண்டே இருக்கும். கனமானதை அடியிலும் அச்சின் மேலும் வைத்து, உயரத்தைக் குறைத்தால் இந்த ஆட்டம் பெரிதும் குறையும்.

இறக்கத்தில் இன்னொரு தொல்லை பிரேக். மாட்டு வண்டியில் பெரும்பாலும் பிரேக் கிடையாது. வண்டி முன்னால் தள்ள, மாடு நுகத்தையும் கொம்பையும் பின்னுக்கு அழுத்தித் தடுத்து நிறுத்துகிறது. பெங்களூரு இந்திய மேலாண்மை நிறுவனத்தின் முதல் இயக்குநராக இருந்த பேராசிரியர் என்.எஸ். ராமசாமி, 1970-களிலிருந்து மாட்டு வண்டியைத் திருத்தியமைப்பதையே தம் பெரும்பணியாக எடுத்துக்கொண்டவர். கரடுமுரடான நுகத்தடி, எடை அதிகமான வண்டி, பிரேக் இல்லாமை ஆகியவை மாட்டுக்குச் செய்யும் கேட்டை அவர் தொடர்ந்து சொல்லிவந்தார். இன்று பட்டறையில் சொன்னால் டயர் வண்டிக்கு மிதி பிரேக் அல்லது கைப்பிடி பிரேக் வைத்துத் தருவார்கள். அதற்கு வழியில்லாவிட்டால், இறக்கத்தில் பின்னால் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டி இழுக்க விடலாம். பழைய முறைதான், தார்ச் சாலையிலும் ஓரளவு பலன் தரும்.

எவ்வளவு ஏற்றலாம்?

மாட்டால் நாள் முழுக்கத் தொடர்ந்து இழுக்க முடிந்த விசை, அதன் உடல் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு. ஒவ்வொன்றும் 300 கிலோ உள்ள ஜோடி என்றால் இரண்டும் சேர்ந்து 60 கிலோ விசை. டயர் வண்டியும் சுமையும் சேர்ந்து 1,500 கிலோ என்றால், நல்ல தார்ச் சாலையில் சமதரையில் இழுக்க 30 முதல் 45 கிலோ விசை போதும். மாட்டுக்கு வசதியான வேலை. அதே வண்டி இருபது அடிக்கு ஓர் அடி உயரும் மேட்டில் ஏறினால், அந்த ஏற்றத்துக்காக மட்டும் இன்னும் 75 கிலோ விசை கூடுதலாக வேண்டும். மொத்தம் 100 கிலோவைத் தாண்டும். கொஞ்ச தூரம் மாடு மூச்சைப் பிடித்து இழுத்துவிடும். ஒரு கிலோமீட்டர் மேடு என்றால் முடியாது. சேறும் மணலுமான வண்டிப்பாதை என்றால் சமதரையிலேயே விசை இரண்டு மூன்று மடங்காகும். ஆக, வழியில் இருக்கும் மிக மோசமான மேட்டைப் பார்த்துத்தான் பாரத்தைத் தீர்மானிக்க வேண்டும். புறப்படும் இடத்துத் தார்ச் சாலை கணக்கில்லை.

சட்டமும் அளவு வைத்திருக்கிறது. 1960-ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ், 1965-இல் இழுவை மற்றும் பொதி விலங்குகளுக்கான விதிகள் வந்தன. அதன்படி 200 கிலோவுக்கு மேல் 350 கிலோ வரை உள்ளது நடுத்தர மாடு. டயர் வைத்த இரு சக்கர வண்டியில் அத்தகைய ஒரு மாட்டுக்கு 1,050 கிலோ, ஜோடிக்கு அதன் இரு மடங்கு. டயர் இல்லாத பட்டாச் சக்கர வண்டி என்றால் ஒன்றுக்கு 700 கிலோ. இந்த அளவில் வண்டியின் சொந்த எடையும் அடக்கம் என்பதைப் பலரும் கவனிப்பதில்லை. முப்பது மீட்டருக்கு மூன்று மீட்டருக்கு மேல் உயரும் மேடு ஒரு கிலோமீட்டராவது இருந்தால் இந்த அளவில் பாதிதான் ஏற்றலாம். இவை உச்ச வரம்புகள். தினமும் இந்த அளவுக்கு ஏற்றலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

மாட்டின் எடையை எப்படி அறிவது? ஒரு டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்புறமாக மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுங்கள். தோள் முனையிலிருந்து பின்பக்க இடுப்பெலும்பு முனை வரை நீளத்தை அங்குலத்தில் எடுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ கணக்கு வரும். 62 அங்குலச் சுற்றளவு, 54 அங்குல நீளம் உள்ள மாடு சுமார் 315 கிலோ.

சுமையையும் கண்மதிப்பில் விடாதீர்கள். ஒரு செங்கல் 3 கிலோ என்றால் 500 கல் 1,500 கிலோ. ஒரு கன அடி மணல் 45 கிலோ அளவில் வரும். 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பினால் தண்ணீர் மட்டும் 200 கிலோ. நனைந்த குப்பை உலர்ந்த குப்பையைவிட மிகக் கனம். வண்டியின் ஓரப்பலகை வரை நிரப்பினால் இரண்டும் ஒரே சுமை என்று மாடு நினைக்காது.

டிரம் வைத்துத் தண்ணீர் இழுப்பவர்கள் அதை முழுவதும் நிரப்பி மூடியை இறுக்குங்கள். பாதி நிரம்பிய டிரம்மில் தண்ணீர் முன்னும் பின்னும் அடித்து, ஒவ்வோர் அடிக்கும் நுகம் எழும்பி விழும்.

நுகத்தடி

நம் ஊர் நுகத்தடி பெரும்பாலும் உருண்டையான மரம். கழுத்தின் மேல் அது தொடும் இடம் இரண்டு விரல் அகலம்தான். மொத்த விசையும் அங்கேயே இறங்கினால் தோலுக்கு ரத்த ஓட்டம் நின்று சதை கெட்டுப்போகிறது. கழுத்து உட்காரும் இடத்தில் அடிப்பக்கத்தைக் கழுத்தின் வளைவுக்கு ஏற்ப, ஒரு சாண் அகலத்துக்குத் தட்டையாகக் குடைந்து, விளிம்புகளை உருட்டி, உப்புத்தாள் போட்டு வழவழப்பாக்கி எண்ணெய் பூசினால் அழுத்தம் பரவிவிடும். தச்சருக்கு அரைநாள் வேலை. மரம் எடை குறைந்ததாகவும் நார் பிசிறாததாகவும் இருக்கட்டும். ஆணித் தலை, கம்பி முனை எதுவும் அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. கழுத்தின் இருபுறமும் செருகும் குச்சிகளும் தோலை உரசாதபடி இடைவெளி விட்டு இருக்க வேண்டும்.

சாக்கு சுற்றுவது நல்லதா என்று கேட்கிறார்கள். சுத்தமான, உலர்ந்த, அசையாமல் தைத்த மெத்தை என்றால் நல்லது. அவசரத்துக்குச் சுற்றிய கோணிச் சாக்கு நகர்ந்து சுருண்டு ஒரே இடத்தில் முடிச்சாகி, வியர்வையில் நனைந்து, மரத்தைவிட மோசமாகத் தேய்க்கும். உரச் சாக்கு இன்னும் மோசம், காற்றே புகாது. மரத்தைச் சரியாகச் செதுக்குவதுதான் முதல் வேலை.

ஜோடி உயரம் ஒத்திருக்க வேண்டும். குட்டையான மாட்டின் மேல் நுகம் சாய்ந்து அதற்கே கூடுதல் அழுத்தம் போகும். ஒன்று சற்று இளைத்த மாடு என்றால், நுகத்தடியில் ஏர்க்கால் கட்டும் இடத்தைப் பலமான மாட்டின் பக்கம் நான்கு விரல் நகர்த்துங்கள். பலமானது அதிகம் இழுக்கும், இளைத்ததற்குச் சுமை குறையும். புதிதாக வாங்கிய மாட்டைப் பழைய மாட்டுடன் பூட்டும் எல்லோருக்கும் இது உதவும்.

பருவம் தொடங்குவதற்குப் பத்து நாள் முன்பிருந்தே காலையில் ஒரு மணி நேரம் வெறும் நுகம், பிறகு காலி வண்டி, பிறகு லேசான உழவு என்று பழக்கிவிட்டால் கழுத்துத் தோல் இறுகும். மழையில் நனைந்த கழுத்தைத் துணியால் துடைத்துக் காயவிட்டுத்தான் பூட்ட வேண்டும். ஊறிய தோல் சீக்கிரம் உரியும்.

புண் வந்துவிட்டால்

முதல் நாளில் தெரிவது சூடான, தொட்டால் வலிக்கும் வீக்கம். அன்றே நுகத்தை இறக்கிவிடுங்கள். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த துணியை நாளைக்கு மூன்று நான்கு முறை பதினைந்து நிமிடம் வைத்து எடுங்கள். இந்த நிலையில் நிறுத்தினால் சில நாட்களில் வாடிவிடும். தொடர்ந்து ஓட்டினால் சீழ் பிடிக்கும், அல்லது கல்லைப் போல இறுகிய கட்டியாகி அறுவைச் சிகிச்சை வரை போகும். அப்போது ஒரு மாதத்துக்கு மேல் மாடு வேலைக்கு வராது. ஐந்து நாள் ஓய்வா, ஒரு மாத ஓய்வா என்பதை முதல் நாளில் தீர்மானித்தாக வேண்டும்.

சூடு போடாதீர்கள். வேஸ்ட் ஆயில், ஃபினாயில், பெட்ரோல் எதையும் புண்ணில் ஊற்றாதீர்கள். இவை நல்ல சதையையும் எரித்துவிடும். தோல் உரிந்த சிறு புண்ணுக்கு, கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தார் பரிந்துரைக்கும் மூலிகை எண்ணெயை வீட்டிலேயே செய்யலாம். குப்பைமேனி, வேப்பிலை, துளசி, மருதாணி ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பிடி, பூண்டு 10 பல், மஞ்சள் தூள் 20 கிராம் சேர்த்து அரைத்து, அரை லிட்டர் நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயில் காய்ச்சி ஆறவைத்து, புண்ணைக் கழுவித் துடைத்தபின் பூசுங்கள். புழு வைத்திருந்தால் முதல் நாள் மட்டும் சீத்தா இலையை அரைத்துப் போடலாம். ஆழமான புண், சீழ், காய்ச்சல், தீவனம் எடுக்காமை இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர்தான்.

நொண்டும் மாட்டுக்கு மருந்துக் கடையில் மனிதருக்கான வலி ஊசியை வாங்கிப் போட்டு வேலைக்கு ஓட்டுவது சில இடங்களில் நடக்கிறது. வலி மறைந்த மாடு காலைக் காத்துக்கொள்ளாது, காயம் பெரிதாகும். அதிலும் டைக்ளோஃபினாக் மருந்தைக் கால்நடைக்குப் பயன்படுத்த 2006 முதல் நாட்டில் தடை இருக்கிறது. அது போட்ட மாடு இறந்து, அதைத் தின்ற கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்தன என்பதுதான் காரணம். மெலாக்சிகாம் போன்ற மாற்று மருந்தை மருத்துவர் தருவார்.

கோமாரி வந்து தேறிய மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை. வாய்ப்புண்ணும் கால்புண்ணும் ஆறியவுடன் ஏரில் பூட்டிவிடுகிறார்கள். நோய் இதயத்தையும் தாக்கியிருக்கலாம். வெயிலில் மூச்சிரைத்து விழும் மாடுகள் பல இப்படி அவசரப்பட்டுப் பூட்டப்பட்டவை. மூன்று நான்கு வாரமாவது பொறுங்கள். ஆண்டுக்கு இருமுறை அரசு இலவசமாகப் போடும் கோமாரித் தடுப்பூசிக்குக் கறவை மாட்டை மட்டும் ஓட்டிப் போகாமல் உழவு மாட்டையும் ஓட்டிப் போக வேண்டும்.

லாடம், மூக்கணாங்கயிறு, தார்க்குச்சி

தார்ச் சாலையும் ஜல்லியும் சிமென்ட் தெருவும் வந்தபிறகு லாடம் இல்லாமல் வண்டி மாடு நடக்க முடியாது. தேய்ந்த லாடம் வழுக்கும், கழன்று தொங்கும் லாடம் குளம்பைப் பிளக்கும். வாரம் ஒருமுறை காலைத் தூக்கிப் பாருங்கள். லாடம் கட்ட மாட்டைச் சாய்க்கும்போது தீவனம் தின்றவுடன் சாய்க்கக் கூடாது. கல் தரையில் சாய்க்கக் கூடாது, மணலோ வைக்கோலோ பரப்புங்கள். ஆணி அடித்தபின் அன்று மாலையே மாடு காலை ஊன்றத் தயங்கினால் ஆணி உயிர்ச்சதையில் ஏறியிருக்கிறது. உடனே பிடுங்கிவிட்டு மருத்துவரிடம் காட்டி ரண ஜன்னி ஊசி போட வேண்டுமா என்று கேளுங்கள்.

மூக்கணாங்கயிறு பருத்தி நூலில் இருக்கட்டும். நைலான் கயிறு கத்தியைப் போல அறுக்கும். ஆணி வைத்த தார்க்குச்சியைச் சட்டம் தடை செய்திருக்கிறது. வாலை முறுக்கினால் வால் எலும்பு பிசகும். நல்ல அல்லிகார் ஜோடி குரலுக்கே நடக்கும். குரலுக்கு நடக்காத மாட்டுக்கு எங்கேயோ வலிக்கிறது என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

நேரம், தண்ணீர், தீவனம்

மேலே சொன்ன 1965 விதிகளின்படி ஒரு நாளில் மொத்தம் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. தொடர்ந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஓய்வின்றி ஓட்டக் கூடாது. வெப்பம் 37 டிகிரிக்கு மேல் போகும் பகுதியில் நண்பகல் 12 முதல் 3 மணி வரை பூட்டவே கூடாது. மத்திகிரி, தளிப் பக்கம் 37 டிகிரியைத் தொடும் நாட்கள் குறைவு. காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி இறங்கினால் நிலைமை வேறு. ஓசூர்ப் பக்கம் குளிர்ச்சிதானே என்று நம்பி உச்சி வெயிலில் ஓட்ட வேண்டாம். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், எச்சில் நூலாகத் தொங்கினால், நாக்கு வெளியே வந்தால் அந்த நிமிடமே நிறுத்தி நிழலில் கட்டுங்கள். உடம்பில் தண்ணீர் ஊற்றுங்கள். உழைக்கும் மாட்டுக்கு நாளைக்கு 40 முதல் 60 லிட்டர் தண்ணீர் தேவை. இரண்டு வேளை மட்டும் காட்டாமல், ஒவ்வொரு ஓய்விலும் காட்டுங்கள்.

மாடு நாளைக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் அசை போட வேண்டும். விடிய விடியப் பூட்டி இருட்டியபின் அவிழ்த்தால் தின்ன நேரம் கிடைக்கும், அசை போட நேரம் கிடைக்காது. நல்ல தீவனம் போட்டும் இளைக்கிறதே என்பவர்கள் முதலில் நேரத்தைப் பாருங்கள். ராகித் தட்டு நல்ல தீவனம், நெல் வைக்கோலைவிட மேல். ஆனால் உழவு நாட்களில் அது மட்டும் போதாது. வேகவைத்த கொள்ளு, தவிடு, பிண்ணாக்கு என மாட்டின் எடைக்கும் வேலைக்கும் ஏற்ப ஒன்று முதல் இரண்டு கிலோ அடர்தீவனம், 50 கிராம் தாது உப்புக் கலவை, 30 கிராம் சாதா உப்பு கொடுங்கள். பூட்டுவதற்கு முன் வயிறு முட்டக் கொடுக்காமல், வேலை முடிந்து இளைப்பாறியபின் கொடுங்கள்.

தை பிறந்தால் நம் மாவட்டத்தில் எருது விடும் விழாக்கள். ஓட்டத்துக்கு வளர்க்கும் காளைக்கு முட்டையும் கொள்ளும் பருத்திக்கொட்டையும் போகின்றன. குடும்பத்துக்குச் சோறு போடும் உழவு மாடு வெறும் தட்டைத் தின்றுகொண்டு பக்கத்துத் தறியிலேயே நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். அந்தக் கொள்ளில் அரைப்படி இதற்கும் சேரட்டும்.

இரவில் சாலையில்

சிப்காட் வந்தபின் லாரியும் கம்பெனிப் பேருந்தும் ஓடாத சாலை ஓசூரைச் சுற்றி இல்லை. சந்தைக்கோ வயலிலிருந்தோ இருட்டில் திரும்பும் வண்டி பின்னால் வருபவருக்குத் தெரியாது. சிவப்பு ஒளிர் ஸ்டிக்கரை வண்டியின் பின்பக்கம் இரு ஓரத்திலும், வெள்ளையை நுகத்தடியின் இரு முனையிலும், இரண்டு பக்கவாட்டிலும் ஒட்டுங்கள். தட்டு ஏற்றும்போது ஸ்டிக்கரை மறைத்துவிடாமல் பாருங்கள். பெங்களூரு நெடுஞ்சாலையைத் தவிர்க்க ஊர்ப்பாதை இருந்தால் அரை மணி நேரம் கூடினாலும் அதில் போவதே மேல்.

கழுதை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். பொதி சுமக்கும் கழுதைக்குச் சட்டம் வைத்த அளவு 50 கிலோ. முதுகெலும்பின் மேல் நேரடியாகப் பொதி உட்காராமல் இருபுறமும் சம எடையில் தொங்க வேண்டும். கழுதை மாட்டைவிடவும் வலியை மறைக்கும். அது தீவனத்தை விட்டு ஒதுங்கி நின்றாலே நோய் முற்றியிருக்கிறது என்று பொருள்.

ஓய்வு கொடுக்க முடியாதவர் என்ன செய்வது?

இவ்வளவையும் கேட்டுவிட்டு ஊர்க்கூட்டங்களில் விவசாயிகள் கேட்கும் கேள்வி இதுதான்: மாட்டுக்கு ஐந்து நாள் ஓய்வு கொடுத்தால் எங்களுக்கு யார் சோறு போடுவது? நியாயமான கேள்வி. அபராதம் இதற்குப் பதிலாகாது. 1960 சட்டத்தில் முதல் குற்றத்துக்கு எழுதியிருப்பது பத்து முதல் ஐம்பது ரூபாய்தான், அதனால் ஒரு கழுத்துப் புண்ணும் ஆறியதில்லை.

பதில் உழைக்கும் விலங்கு வைத்திருப்பவர்கள் கூடிச் செய்த இடங்களில் கிடைத்திருக்கிறது. 1934-இல் எகிப்தின் கெய்ரோவில் டோரதி புரூக் என்ற அம்மையார், முதல் உலகப் போரில் உழைத்து ஓய்ந்த குதிரைகளுக்காக ஒரு மருத்துவமனை தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்த புரூக் அமைப்பு பின்னாளில் வட இந்தியாவில் செங்கல் சூளைகளில் உழைக்கும் குதிரை, கழுதை வைத்திருப்பவர்களிடையே வேலை செய்தது. மருத்துவர் வந்து ஊசி போட்டுப் போனால் அடுத்த மாதம் அதே இடத்தில் அதே புண். ஆகவே வழியை மாற்றினார்கள். உரிமையாளர்களே குழுவாக ஒவ்வொரு வீடாகப் போய் ஒவ்வொரு விலங்கையும் பார்த்து, கழுத்து, முதுகு, கால், கண், உடல்வாகு என ஒவ்வொன்றுக்கும் நன்று என்றால் பச்சை, நடுத்தரம் என்றால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு என்று ஒரு தாளில் பொட்டு வைப்பார்கள். மறுமாதம் மறுபடியும். யார் வீட்டு விலங்கு சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு வந்தது, எப்படி வந்தது என்று அவர்களே பேசிக்கொள்வார்கள். வெளியிலிருந்து வந்த மருத்துவர் சொன்னால் ஏறாதது, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னால் ஏறும்.

மாடு வைத்திருப்பவர் பத்துப் பேர் உள்ள எந்த ஊரிலும் இதைச் செய்யலாம். ஒரு வெள்ளைத் தாளும் மூன்று வண்ணப் பேனாவும் போதும். பத்துப் பேர் சேர்ந்தால் தச்சரை ஒருநாள் ஊருக்கே வரவழைத்து எல்லா நுகத்தடியையும் திருத்திவிடலாம். தாது உப்பை மொத்தமாக வாங்கினால் விலை குறையும். ஒருவர் மாட்டுக்குக் கழுத்து வீங்கினால் மற்றவர் ஜோடி அவர் நிலத்தை ஓட்டிக் கொடுத்து, பிறகு அவர் உழைப்பாகத் திருப்பலாம். நடவுக்கும் அறுவடைக்கும் மாற்றாள் வைத்துக்கொள்வது நம் பழக்கம்தான், ஏருக்கும் அதை வைத்துக்கொள்ளலாம். வாடகைக்கு வண்டி பிடிப்பவர்களும் யோசிக்க வேண்டும். மூன்று நடையில் போக வேண்டியதை இரண்டு நடையில் ஏற்று என்று வற்புறுத்தினால், மிச்சமான அந்தக் கூலியை மாடு கழுத்தால் கட்டுகிறது.

உழவு மாட்டுக்கும் கால்நடைக் காப்பீடு உண்டு. பிரீமியத்தில் அரசு மானியம் கிடைக்கும் காலத்தை உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேட்டுச் சேர்ந்துகொள்ளுங்கள். காதில் வில்லை போட்டிருக்க வேண்டும் என்பதால் வில்லை விழுந்திருந்தால் மறுபடி போட்டுக்கொள்ளுங்கள்.

மாடு விழுந்துவிட்டது, நடக்க முடியவில்லை, வண்டியோடு விபத்து என்றால் 1962 என்ற இலவச எண்ணை அழையுங்கள், கால்நடை ஆம்புலன்ஸ் வரும். அழைக்கும்போது ஊர், தெரு அடையாளம், மாட்டின் வயது, எத்தனை மணிக்கு நடந்தது, தீவனம் தண்ணீர் எடுக்கிறதா, ஏற்கெனவே என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதைச் சொல்லுங்கள். வண்டி வரும் வரை மாட்டை நிழலில், மார்பு தரையில் படும்படி நிமிர்த்தி உட்காரவைத்து, பக்கத்தில் சாய்ந்துவிடாதபடி வைக்கோல் மூட்டையை அணை கொடுங்கள். வாயில் எதையும் ஊற்ற வேண்டாம்.